காதுச் சீழ் மூளைக்குப் போகுமா? நடுவில் எலும்பு இருக்கிறதே!

கேள்வி, ஜூன் 3

என் தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே வலது காதில் சீழ் வடிகிறது. வலி கிடையாது. காது கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான். இப்போது பார்க்கிற இ.என்.டி. மருத்துவர், "இப்படியே விட்டால் மூளையில் சீழ் கட்டும், ஆபரேஷன் செய்துவிடலாம்" என்கிறார். ஆபரேஷனுக்காகப் பயமுறுத்துகிறாரோ என்று வீட்டில் எல்லாருக்கும் சந்தேகம். காதுக்கும் மூளைக்கும் நடுவில் மண்டை ஓடு இருக்கிறது. சீழ் அதைத் தாண்டி எப்படிப் போகும்?

பதில், ஜூன் 3, இரவு

போகும். எனக்குப் போயிற்று. இடது காது, இடது பக்க மூளை. அதனால் "பயமுறுத்துகிறார்" என்கிற பேச்சை முதலில் ஓரமாக வையுங்கள்.

எலும்பு இருக்கிறது, சரி. ஆனால் அது நீங்கள் தலையைத் தட்டிப் பார்க்கிற எலும்பு இல்லை. செவிப்பறைக்கு உள்ளே இருக்கிற நடுக்காதுக்கு எது கூரையோ அதுதான் மூளையின் டெம்பொரல் மடலுக்கு, அதாவது நெற்றிப்பொட்டுப் பக்கத்து மூளைப் பகுதிக்குத் தரை. இரண்டுக்கும் சேர்த்து ஒரே தகடு, முட்டை ஓடு மாதிரி மெல்லியது. சிலருக்குப் பிறவியிலேயே அதில் இடைவெளி இருக்கும். காதுக்குப் பின்னால் கையில் தட்டுப்படுகிற மாஸ்டாய்டு எலும்பும் உள்ளே கெட்டி கிடையாது, சின்னச் சின்னக் காற்றறைகள்தான். அதன் பின்சுவருக்கு அந்தப் பக்கம் மூளையிலிருந்து ரத்தத்தைக் கீழே இறக்கும் பெரிய சிரை ஓடுகிறது, அதை ஒட்டிச் சிறுமூளை. காதிலிருந்து போகிற சீழ் பெரும்பாலும் டெம்பொரல் மடலிலோ சிறுமூளையிலோ போய்க் கட்டுவது இதனால்தான். வேறு இடம் தேடிப் போவதில்லை, பக்கத்து வீட்டுக்குத்தான் போகிறது.

எலும்பில் ஓட்டை விழாமலும் போகலாம். எலும்பைத் துளைத்துச் செல்லும் மெல்லிய ரத்தக்குழாய்களில் கிருமி புகுந்து, ரத்தம் உறைந்து, அந்த உறைவு வழியாகவே தொற்று உள்ளே ஏறும்.

ஜூன் 4, காலை

நேற்று அவசரத்தில் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. தம்பிக்கு வடிவது நிறையவா, கொஞ்சமா? நாற்றம் உண்டா?

ஏன் கேட்கிறேன் என்றால், வருடக்கணக்கில் வடியும் காது எல்லாம் ஒரே ரகம் இல்லை. செவிப்பறையின் நடுவில் ஓட்டை, சளி பிடித்தால் தண்ணீர் மாதிரி நிறைய வடியும், பிறகு நின்றுவிடும், நாற்றம் இருக்காது. இது ஒரு ரகம். இதில் மூளை வரை போவது மிக அரிது. இன்னொரு ரகத்தில் வடிவது கொஞ்சம்தான், ஆனால் நாறும். பஞ்சை எடுத்தால் பக்கத்தில் இருப்பவர் முகம் சுளிக்கும் நாற்றம். மருத்துவர்கள் இதைத்தான் ஆபத்தான வகை என்பார்கள்.

அந்த நாற்றத்துக்குப் பின்னால் பல சமயம் கொலஸ்டியடோமா இருக்கும். பெயர் கேட்டுப் பயப்பட வேண்டாம், புற்றுநோய் இல்லை. செவிப்பறையின் மேல்பக்கம் உள்ளே இழுக்கப்பட்டுப் பை மாதிரி ஆகிறது. அதன் உட்புறம் தோல்தானே, தோல் உதிர்ந்துகொண்டே இருக்கும். உதிர்ந்தது வெளியே வர வழியில்லாமல் பைக்குள் சேர்ந்து, கிருமி பிடித்து, பை பெருத்து, ஒட்டியிருக்கிற எலும்பை அரிக்கத் தொடங்கும். முதலில் போவது பெரும்பாலும் கேட்பதற்கான குட்டி எலும்புகள். காது மந்தமாவது அதனால். அடுத்து முக நரம்பை மூடிய எலும்பு, உள்காது, கூரைத் தகடு, எது வேண்டுமானாலும். இதற்கு மாத்திரை கிடையாது. சொட்டு மருந்து நாற்றத்தைக் குறைக்கும், பையை ஒன்றும் செய்யாது.

ஜூன் 4, மாலை

இன்னொருவர், "வலி வராதவரை ஒன்றும் ஆகாது, எங்கள் வீட்டில் ஒருவருக்கு நாற்பது வருடமாக வடிகிறது" என்று எழுதியிருக்கிறார். அவர் நன்றாக இருக்கட்டும். ஆனால் வலியை வைத்துக் கணக்குப் போடுவது தலைகீழ்க் கணக்கு. நாள்பட்ட காதுச் சீழ் பொதுவாக வலிக்காது, அதன் குணமே அதுதான். திடீரென்று வலித்தாலோ, அந்தப் பக்கம் தலைவலி தொடங்கினாலோ, விஷயம் காதை விட்டு வெளியே போய்விட்டதா என்று பார்க்க வேண்டிய கட்டம். வலி வரும்வரை காத்திருப்பவர் திருடன் போனபிறகு கதவைப் பூட்டுகிறவர்.

இன்னொன்று. வடிந்துகொண்டிருந்த காது சட்டென்று நின்றால் சந்தோஷப்படாதீர்கள். எனக்கு நின்றது. காலையில் தலையணை உறை சுத்தமாக இருந்தது. பள்ளி நாளிலிருந்து வடிந்த காது, தானாகக் காய்ந்துவிட்டது என்று வீடே மகிழ்ந்தது. உள்ளே பையின் வாய் அடைத்துக்கொண்டு சீழ் வெளியே வர வழியில்லாமல் போயிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. தலைவலி அதற்கடுத்து வந்தது.

ஜூன் 5

முழுக்கதையும் கேட்கிறார்கள். எழுதுகிறேன், நீளமாகத்தான் இருக்கும்.

தலைவலி காதுக்கு மேலே, இடது நெற்றிப்பொட்டைச் சுற்றி. காலையில் எழுந்ததும் அதிகம், இரண்டு முறை வாந்தி. காய்ச்சல் இல்லை. கண்ணாடியின் பவர் மாறியிருக்கும் என்று நானே தீர்ப்பெழுதிப் புதுக் கண்ணாடி வாங்கினேன். (நல்ல கண்ணாடி, இப்போதும் அதைத்தான் போடுகிறேன்.) நடுவில் சில நாள் தலைவலி அடங்கியது. கண்ணாடி வேலை செய்கிறது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த அமைதிக்குக் காரணம் கண்ணாடி இல்லை. கிருமி உள்ளே நுழையும்போது மூளைத்திசு வீங்கிக் குழையும், அப்போது தலைவலி. பிறகு உடம்பு அதைச் சுற்றி வேலி கட்டத் தொடங்கும். ஏறக்குறைய இரண்டு வாரத்தில் சுற்றிலும் ஒரு சுவர் உருவாகிவிடும். அந்த இடைக்காலத்தில் நோயாளிக்குப் பெரிதாக எதுவும் தெரியாமல் போகலாம். நடுவே சீழ் சேர்ந்து சேர்ந்து பக்கத்து மூளையை அழுத்தும்போது மறுபடி ஆரம்பிக்கும். இந்த முறை தலைவலி தனியாக வராது.

எனக்கு அதோடு சேர்ந்து வந்தது பேச்சு. உளறல் இல்லை, வாக்கியம் சரளமாக வரும். பொருளின் பெயர் மட்டும் வராது. மனைவியிடம், "அதை எடும்மா, அது... கதவுக்குப் போடுவது, திருப்புவது" என்கிறேன். சாவி என்ற சொல் கிடைக்கவில்லை. சாவி கண்ணெதிரே மேசையில் கிடக்கிறது, அது எதற்கு என்று தெரிகிறது, பெயர் மட்டும் இல்லை. அவள் முதலில் சிரித்தாள். அன்று மாலை நான் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு "தலை இது, தலை இது" என்றபோது சிரிப்பு நின்றது. நேரே மருத்துவமனை.

அவசரப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர் பேனாவைக் காட்டி "இது என்ன?" என்றார். "எழுதுவது" என்றேன். கைக்கடிகாரத்தைக் காட்டினார். "மணி பார்ப்பது." அவர் தலையாட்டிவிட்டு அடுத்துக் கேட்ட கேள்விதான் முக்கியம்: "காதில் எப்போதாவது சீழ் வந்திருக்கிறதா?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேனா எங்கே, காது எங்கே! வலது கைக்காரர்களில் பெரும்பாலோருக்குப் பேச்சு இடது மூளையில். இடது டெம்பொரல் மடலில் கட்டி வந்தால் பெயர்கள்தான் முதலில் தொலையும். அவருக்கு அது தெரிந்திருந்தது, நான் பிழைத்தேன்.

ஜூன் 5, இரவு

சிறுமூளையில் கட்டினால் எப்படியிருக்கும் என்று ஒருவர் கேட்டார். பெயர்கள் தொலையாது. நடை தள்ளாடும், அந்தப் பக்கத்துக் கை குறி தவறும், டம்ளரைப் பிடிக்கப் போனால் நடுங்கும், கண்விழி தன்னால் ஆடும். குடித்திருக்கிறார் என்று நினைத்துவிடுவார்கள். உள்காதுத் தொற்றால் வரும் தலைச்சுற்றலோடும் குழப்பிக்கொள்ள வாய்ப்பு உண்டு, இரண்டுக்கும் மூலம் அதே காதுதானே.

ஜூன் 7

எழுதியதையெல்லாம் மறுபடி படித்தேன். குழந்தைக்குக் காது வலி வந்த ஒரு தாய் இதைப் படித்தால் ராத்திரி தூங்க மாட்டார். அதனால் இதையும் சேர்த்துப் படியுங்கள். சளிக்குப் பிறகு குழந்தைகளுக்கு வரும் திடீர்க் காதுவலி, காய்ச்சல், அழுகை, சில சமயம் செவிப்பறை கிழிந்து சீழ் வந்ததும் வலி அடங்குவது, இவை மிகச் சாதாரணம். பெரும்பாலானவை சில நாளில் ஆறிவிடும். ஆன்டிபயாடிக் இல்லாமலே ஆறுகிறவையும் நிறைய. நான் பேசுவது வருடக்கணக்கில் விட்டுவைத்த காதைப் பற்றி.

ஆனால் குழந்தைக்குக் காதின் பின்புறம் சிவந்து வீங்கி, காது மடல் முன்னால் தள்ளிக்கொண்டு நின்றால் அன்றைக்கே காட்டுங்கள். மாஸ்டாய்டுக்குள் சீழ் போயிருக்கலாம்.

மூளைச் சீழ்க்கட்டி அரிதுதான். ஆனால் நாள்பட்ட காதுச் சீழ் அரிதில்லை. உலகில் 6.5 கோடியிலிருந்து 33 கோடிப் பேருக்கு இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2004இல் மதிப்பிட்டது. அதில் துளிப் பங்கு என்றாலும் தலைகள் நிறைய.

ஜூன் 8

"காய்ச்சல் இல்லாமல் மூளையில் சீழா? நம்ப முடியவில்லை." உங்களுக்கு மட்டுமில்லை, என் குடும்பத்துக்கும் அப்போது நம்ப முடியவில்லை. தலைவலி, காய்ச்சல், நரம்புக் குறைபாடு மூன்றும் சேர்ந்து வந்தால் சீழ்க்கட்டி என்று பாடப்புத்தகம் சொல்லும். 2014இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வில் அந்த மூன்றும் சேர்ந்து இருந்தவர்கள் ஐந்தில் ஒரு பங்குதான். காய்ச்சல் இருந்தவர்கள் பாதிக்குச் சற்று மேல். சுற்றிச் சுவர் கட்டிக்கொண்ட கட்டி உடம்புக்குச் செய்தி அனுப்ப வேண்டும் என்று கட்டாயமா என்ன.

அதே ஆய்வில் ஆறுதலான சேதியும் உண்டு. அறுபது வருடத்தில் இறப்பு 40 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாக இறங்கியிருக்கிறது. இதில் ஸ்கேனுக்குப் பெரிய பங்கு. 1970களில் சி.டி. வருவதற்கு முன் கட்டி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே பாதி யுத்தம்.

ஜூன் 8, மதியம்

ஒருவர் "முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடுமே" என்கிறார். கூடாது. மூளைக் காய்ச்சலுக்கு அந்தச் சோதனை சரி. கட்டி இருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால் முதலில் ஸ்கேன்தான். மண்டைக்குள் அழுத்தம் ஏறியிருக்கும்போது கீழே நீரை எடுத்தால் மூளை கீழ்நோக்கிப் பிதுங்கி உயிர் போகலாம்.

எனக்கு மருந்து ஏற்றி சி.டி. எடுத்தார்கள். கருப்பு வட்டத்தைச் சுற்றி வெள்ளை வளையம். "வளையம் தெரிகிறது" என்றதும் புற்றுக்கட்டி என்று என் மைத்துனர் முடிவே கட்டிவிட்டார், ஏனென்றால் நடுவில் அழுகிய புற்றுக்கட்டியும் அப்படி வளையமாகத் தெரியும். பிறகு எம்.ஆர்.ஐ.யில் டிஃப்யூஷன் படம் எடுத்தார்கள். சீழ் கெட்டி, அதற்குள் நீர் மூலக்கூறு சுலபமாக நகராது, அதனால் அந்தப் படத்தில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். புற்றின் நடுப்பகுதி பொதுவாக அப்படித் தெரியாது. உலகத்திலேயே மூளையில் சீழ் என்று கேட்டுக் கைகூப்பிய குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

ஜூன் 10

பேச்சு எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டு பக்கம் போய்விட்டது. போகட்டும், சுவையான கதை. 1900 அக்டோபர் 10 அன்று பாரிஸில் ஒரு ஓட்டல் அறையிலேயே அவருக்குக் காதில் அறுவை நடந்தது. நவம்பர் 30இல் இறந்தார். சிபிலிஸ் என்ற பால்வினை நோயால் செத்தார் என்று நெடுநாள் எழுதினார்கள். 2000இல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்கள், நாள்பட்ட வலது காது நோய் மூளை வரை பரவியதுதான் காரணம், கொலஸ்டியடோமாவாக இருந்திருக்கலாம் என்று வாதிட்டார்கள். அவருடையது சீழ்க்கட்டி என்று சொல்ல முடியாது, மூளையும் அதன் உறையும் அழன்று போனது என்றே சொல்கிறார்கள்.

கொடுமை எதுவென்றால், அவர் அப்பா வில்லியம் வைல்டு டப்ளினின் பேர்பெற்ற காது மருத்துவர். காதில் சீழ் வடிகிறவரை அது எங்கே, எப்போது, எப்படி முடியும் என்று சொல்ல முடியாது என்று 1853இலேயே எழுதி வைத்த மனிதர். காதின் பின்புறம் வெட்டும் ஒரு கீறலுக்கு இன்றும் அவர் பெயர்தான். எனக்குக் கீறல் போட்டதும் காதின் பின்புறம்தான். அந்த அளவில் எனக்கும் இலக்கியத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு.

ஸ்கேன் இல்லாத காலத்தில் எப்படிச் செய்தார்கள் என்று கேட்டவருக்கு: கிளாஸ்கோவில் வில்லியம் மக்ஈவன் என்று ஓர் அறுவை மருத்துவர். 1876இல் ஒரு சிறுவனுக்கு மூளையில் இன்ன இடத்தில் சீழ் என்று சொன்னார், குடும்பம் அறுவைக்குச் சம்மதிக்கவில்லை. பையன் இறந்தபின் திறந்து பார்த்தால் அவர் சொன்ன இடத்திலேயே கட்டி. 1893இல் தன் அனுபவத்தை நூலாக்கினார். மூளைச் சீழ்க்கட்டிக்கு அறுவை செய்த 19 பேரில் 18 பேர் பிழைத்திருந்தார்கள். எக்ஸ்ரேயே 1895இல்தான் வந்தது, ஆன்டிபயாடிக் கிடையாது. நடை, பேச்சு, கண், நாடி இவற்றைப் பார்த்தே இடம் குறித்திருக்கிறார். என் இளம் மருத்துவர் பேனா காட்டியதும் அந்த வழிதான்.

ஜூன் 11

சிகிச்சை பற்றிச் சுருக்கமாக. மண்டையில் ஒரு சின்னத் துளை, ஊசி விட்டுச் சீழை உறிஞ்சி எடுத்தார்கள். ரொம்பச் சின்னதாக இருந்தால், அல்லது சுவர் கட்டுவதற்கு முன்பே பிடிபட்டால், மருந்தாலேயே கரைக்கப் பார்ப்பார்கள். எடுத்த சீழைச் சோதனைக்கு அனுப்புவார்கள். காதிலிருந்து போனதில் ஒரே கிருமி இருப்பது குறைவு, காற்றில்லாமல் வாழும் கிருமிகளும் கலந்திருக்கும், நாற்றத்துக்கு அவையே காரணம். அதனால் மருந்தும் கூட்டாகத்தான், எனக்கு செஃப்ட்ரியாக்சோனும் மெட்ரோனிடசோலும். வழக்கமாக ஆறிலிருந்து எட்டு வாரம், பெரும்பகுதி ரத்தக்குழாய் வழியாக. கூடவே வலிப்பு மருந்து.

பலர் தவறவிடுவது இது: மூளையை மட்டும் சுத்தம் செய்து காதை விட்டால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. மூலம் காதில் இருக்கிறது. மாஸ்டாய்டைத் திறந்து பையை முழுக்க எடுத்தாக வேண்டும். நோயாளியின் நிலையைப் பொறுத்து ஒரே நேரத்தில் செய்வார்கள், அல்லது மூளை தெளிந்தபின். எனக்குத் தெளிந்தபின் செய்தார்கள்.

சாவி, சீப்பு எல்லாம் திரும்பி வந்துவிட்டன. ஆட்களின் பெயர் இன்னும் மறக்கிறது. அதற்குக் கட்டி காரணமில்லை, வயசு என்கிறாள் மனைவி.

ஜூன் 14

முதலில் கேள்வி கேட்டவர் தம்பியின் சி.டி. முடிவை எழுதியிருக்கிறார்: கொலஸ்டியடோமா உறுதி, குட்டி எலும்புகளில் ஒன்று அரித்திருக்கிறது, கூரைத் தகடு மெலிந்திருக்கிறது, உள்ளே எதுவும் போகவில்லை. நல்ல நேரத்தில் போயிருக்கிறீர்கள். மருத்துவர் பயமுறுத்தவில்லை, படத்தைக் காட்டிப் பேசினால் வீட்டில் சம்மதிப்பார்கள்.

"ஆபரேஷன் செய்தால் காது நன்றாகக் கேட்குமா?" என்று கேட்டீர்கள். இதில் முதல் குறிக்கோள் காதைக் காயவைத்து ஆபத்தை நீக்குவது. கேட்பது இரண்டாவது. சிலருக்குச் செயற்கை எலும்பு வைத்துக் கொஞ்சம் மீட்பார்கள், சிலருக்கு முன்னைவிடக் குறையவும் செய்யும். மருத்துவரிடம் இதை நேரடியாகக் கேளுங்கள், முக நரம்பு பற்றியும் கேளுங்கள். மழுப்பாமல் பதில் சொல்கிறவர் நல்ல மருத்துவர்.

ஜூன் 15

ஆபரேஷன் தேதி வரும்வரை தம்பிக்கு: முகம் ஒரு பக்கம் கோணுவது, தலைச்சுற்றல், அந்தப் பக்கம் விடாத தலைவலி, வாந்தி, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், பேச்சிலோ நடையிலோ மாற்றம், வலிப்பு, அளவுக்கு மீறிய தூக்கம். ஒன்று வந்தாலும் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். இதில் தூக்கத்தைத்தான் வீட்டில் யாரும் பொருட்படுத்துவதில்லை.

பழைய சொட்டு மருந்தை எடுத்து விடலாமா என்று கேட்டதற்கு: கேட்காமல் வேண்டாம். செவிப்பறை ஓட்டையாக இருக்கும் காதில் ஜென்டாமைசின் வகைச் சொட்டு உள்காதைக் கெடுக்கலாம். சிப்ரோஃப்ளாக்சசின், ஓஃப்ளாக்சசின் சொட்டுகளில் அந்தப் பயம் இல்லை. எது என்று அவரே எழுதித் தரட்டும்.

ஜூலை 19

ஆபரேஷன் முடிந்து தம்பி வீட்டுக்கு வந்துவிட்டார், முகம் கோணவில்லை, காதில் அடைத்த பஞ்சு இன்னும் எடுக்கவில்லை என்று சேதி. மகிழ்ச்சி. காதின் பின்சுவரை எடுத்துப் பெரிய குழியாக வைத்திருக்கிறார்கள் என்றால் அவருக்கும் எனக்கும் ஒரே வகை. அந்தக் குழி தானாகச் சுத்தமாகாது. குறிப்பிட்ட இடைவெளியில் போய் மைக்ராஸ்கோப்பின் கீழ் சுத்தம் செய்துகொள்ள வேண்டும், ஆயுளுக்கும். பை கொஞ்சம் மிச்சமிருந்தால் திரும்ப வளரும், அதனால் ஒரு வருடம் போல கழித்து எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் தட்டாதீர்கள். குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சு. நீச்சலை மறக்கச் சொல்லுங்கள், மருத்துவர் அனுமதிக்கும்வரை.

ஒன்றை மட்டும் யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. குளிர்காற்றோ குளிர்ந்த தண்ணீரோ அந்தக் குழிக்குள் நேராக அடித்தால் தலை சுற்றும். உள்காது இப்போது காற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது, குளிர்ச்சி அதைத் தூண்டிவிடும். முதல் முறை பேருந்தின் ஜன்னலோரத்தில் எனக்கு வந்தபோது கட்டி திரும்பிவிட்டது என்று நினைத்து அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். காதைக் கையால் மூடியதும் கொஞ்ச நேரத்தில் நின்றது. தம்பியை அந்தப் பக்கத்து ஜன்னலில் உட்கார விடாதீர்கள். காற்றை மறைத்தும் சுற்றல் நிற்கவில்லை என்றால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.